இறந்தகாலம்

மன்னவனூர்ப் பள்ளியில் மங்கையர்க்கரசி டீச்சர் நான்கு பிள்ளைகளை ஆளுக்கொரு டேப்லெட்டோடு வட்டமாக உட்கார வைத்து இலக்கணம் நடத்தினார். ஐந்தாவது பிள்ளை தாரணி போன மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் கிடைக்கவில்லை. டேப்லெட்டிலிருந்து அவள் பெயரை டீச்சர் அப்போதே எடுத்துவிட்டிருந்தார்.

ஆனாலும் நான்கு திரையிலும் அந்தக் கேள்வி வந்தது: ‘தாரணி படிக்கிறாள். இறந்தகாலத்தில் எழுதுக.’

பிள்ளைகள் தயங்கித் தயங்கி, ‘படித்தாள்’ என்று எழுதினார்கள். நான்கிலும் ‘தவறு’ என்று வந்தது. டீச்சரும் எழுதிப் பார்த்தார். தவறுதான்.

பிறகு சரியான விடையை டேப்லெட்டே வாசித்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் தாரணியின் குரல் அது.

“தாரணி... படிப்பாள்.”

மகளின் பையை வாங்கிப்போக வந்த தாரணியின் அம்மா ராஜகுமாரி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் அழவில்லை.

“ஜீப்பு வெரசா வந்திருந்தா அதுதான டீச்சர் சரி?” என்று கேட்டாள்.