சந்தனத்துக்குப் பக்கத்தில்

நீலகண்டனின் இடது காது மடலில் உட்கார்ந்த கொசு, சாவகாசமாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. எதிரே ஜமக்காளத்தில் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்க, வரிச்சிக்குடி நீலகண்டன் தன் காதில் தானே அறைந்துகொள்வதா?

"இங்க கொசு உண்டுங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா சிவசுப்பிரமணியன் கேட்டார்.

"வயக்காத்து அடிக்கிற இடம். கொசு நிக்காதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கொசு அவர் கழுத்துக்கு வந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தை மண்டபத்தில் வைக்கலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக நெல் அடித்த சொந்தக் களம் இருக்கும்போது, வாடகைக் கூரையின் கீழ் பெண்ணைப் பேசி முடிப்பது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. களத்தைச் சுற்றி நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. பொழுது சாயச் சாய ரீங்காரம் கூடிக்கொண்டே போனது.

முந்தாநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மகள் வெண்மதி ஒரு பச்சை டியூபைக் கொண்டுவந்து நீட்டினாள். மூடியைத் திறந்ததும் எலுமிச்சம்புல் வாசனை அடித்தது.

"கொசு விரட்டுற கிரீம்ப்பா. வாசல்ல சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்துல நாலு வச்சிடுவோம். வர்றவங்க தடவிக்கட்டும்."

"சந்தனத்துக்குப் பக்கத்துல கொசு மருந்தா? வாங்க, உக்காருங்க, கடி வாங்குங்கன்னு நாமளே சொல்ற மாதிரியில்ல இருக்கு!"

"கொசு மட்டுமாங்க? மாடு கட்டுற இடம், உண்ணியும் ஏறும்" என்றாள் அவர் மனைவி அஞ்சுகம். "அவங்களுக்கு வேண்டாம்னா, நாமளாவது தடவிக்குவோமே."

"நாம தடவிக்கிட்டா, நம்மள விட்டுட்டு அவங்களைப் போய்க் கடிக்கும். வந்தவங்களைக் கடிக்க விட்டுட்டு வீட்டுக்காரன் ஜம்முன்னு உக்காந்திருப்பானா? ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது."

வெண்மதி மறுபேச்சுப் பேசவில்லை. டியூபைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோட்டுச்சேரி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டீச்சர் வேலைக்குப் போனாலும் அப்பா பேச்சைத் தட்டாத பெண். அந்தப் பெருமை நீலகண்டனுக்கு எப்போதும் உண்டு.

இப்போது அவருடைய ஆட்கள்தான் மானத்தை வாங்கினார்கள். பங்காளி முருகானந்தம் போன் வந்ததுபோல் எழுந்து போனவர் திரும்பவே இல்லை. அஞ்சுகம் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். ஒருவர்கூடச் சொறியவில்லை, நெளியவில்லை. அந்தப் பக்கமிருந்து காற்றில் லேசாக எலுமிச்சை வாசனை வந்தது. தட்டில் பழம் வைத்திருப்பார்கள். கடிபட்டாலும் காட்டிக்கொள்ளாத வளர்ப்பு என்று அவர் மனம் குளிர்ந்தது. வந்த ஜாதகங்களையெல்லாம் தள்ளிவிட்டு, தாமே அலசிப் பிடித்த சம்பந்தம் அல்லவா!

லக்னப் பத்திரிகை வாசித்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க, பெரியவங்க கை காட்டுற இடத்துலதான் கழுத்தை நீட்டும். இதுகூட மாப்பிள்ளையைப் போட்டோவுல பாத்ததோட சரி. தட்டு மாத்திட்டோம்னா எங்க வம்சத்துல பேச்சு மாறினது கிடையாது. சபையில சொல்றேன்."

மாப்பிள்ளை தமிழ்வேந்தன் குனிந்து தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கமான பையன்.

தட்டு மாறியது. பெண்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கல்யாணசுந்தரி அஞ்சுகத்தின் கையைப் பிடித்தவள் பதறிப்போனாள்.

"ஐயோ, என்னங்க அண்ணி, கையெல்லாம் இப்படித் தடிச்சுக் கெடக்கு? இந்தாங்க, முதல்ல இதைத் தடவுங்க."

அவள் கைப்பையிலிருந்து எடுத்தது பச்சை டியூப். அதே எலுமிச்சம்புல் வாசனை. நீலகண்டன் எதிர்வரிசையை மறுபடி உற்றுப் பார்த்தார். ஒரு முகத்தில்கூடத் தடிப்பில்லை. வீங்கி நின்றது அவர் வீட்டார் மட்டும்தான்.

"நீங்கள்லாம்... தடவிக்கிட்டா வந்தீங்க?"

"வேன்ல வர்றப்பவே எல்லாரும் தடவிக்கிட்டோம். உங்க பொண்ணு குடுத்ததுதான்."

"எம் பொண்ணா? அது எப்ப உங்களைப் பாத்துச்சு?"

சிவசுப்பிரமணியன் மனைவியை முறைத்தார். வெண்மதி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். ஊரும் உறவும் நீலகண்டனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் மூக்கின் மேல் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட அவருக்குக் கை எழவில்லை.

கல்யாணசுந்தரி தாம்பூலத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டுதான் மாத்தியாச்சே அண்ணே, இனி ஒளிக்க என்ன இருக்கு? மூணு வருஷமா எங்க வீட்டுக்கு வந்துபோற பொண்ணு. அதுக்கு உங்க களத்துக் கொசுவையும் தெரியும், உங்களையும் தெரியும்."