எந்த எண்ணிலும் தமிழ்வாணன்

கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே, கல்யாணத் தரகர் கோதண்டராமனின் அறையில் சந்தனப் பொட்டு வைத்த புதுக் கம்ப்யூட்டர் வெளிச்சம் வீசுகிறது. மகளுக்கு வரன் தேடித் திருப்போரூரிலிருந்து வந்த பூவாயி மவுஸை ஆட்டுகிறாள். மாப்பிள்ளை வரிசையில் எந்த எண்ணை அழுத்தினாலும் தரகரின் மகன் தமிழ்வாணனே சிரிக்கிறான். வயது முப்பத்தாறு, முன்வழுக்கை. ஊருக்கெல்லாம் முடித்துவைப்பவருக்குச் சொந்தப் பிள்ளைக்குத்தான் அமையவில்லை; அது தெருவே அறிந்த கதை. “இன்னாம்மா இது, பேஜாரா கீது!” என்று வெப்சைட் செய்யும் சஹானாவிடம் தரகர் எகிறுகிறார். “ஒரே ஆப்ஜெக்டை, அதாவது ஒரே ஒரு ஃபாரத்தை வெச்சு, அதுலயே விவரத்தை மட்டும் அழிச்சு மாத்திட்டே வந்துட்டேன் அங்கிள். கடைசியா போட்டது உங்க பையன், அதான் எல்லாமே அவராயிட்டார். புது ஃபாரம் உருவாக்கற கன்ஸ்ட்ரக்டர் எழுதி ஒவ்வொருத்தருக்கும் ‘நியூ’ போட்டா தனித்தனி ஆளா வருவாங்க. அஞ்சே நிமிஷம்.” அவள் கீபோர்டுக்குக் கை நீட்டுகிறாள். மின்விசிறி கடகடக்கிறது. பூவாயி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை நெருங்குகிறாள். “பாக்கப் பாக்க லட்சணமாத்தான் கீறாரு அண்ணாத்த. ஜாதகம் கீதா?” தரகர் கீபோர்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். “அவசரமே இல்லம்மா சஹானா. நீ போயி நிதானமா காப்பி குடிச்சிட்டு வா.”