நரம்பு நெய்

நரம்பு நெய் சாப்பிட்டால் மரத்துப்போன கையிலும் உணர்ச்சி திரும்பிவிடும். அதுவரை தினமும் நர்ஸ் வீட்டுக்கே வந்து சோற்றில் உருக்கி ஊற்றுவாள். உணர்ச்சி திரும்பிவிட்டால் அதோடு சரி, எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மனைவி போனபின் இருதயராஜ் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் நர்ஸ் தேன்மொழியுடையதுதான். அன்றும் அவள் அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"ஏதாச்சும் தெரியுதாப்பா?"

"இல்லம்மா. கட்டை மாதிரிதான் கெடக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் விடறேன்."

கரண்டி சாய்ந்து, கொதிக்கிற நெய் அவருடைய வலது புறங்கையில் கொட்டியது. தேன்மொழி பதறித் துடைத்தாள். அவர் கையை இழுக்கவில்லை.

"சுட்டுடுச்சாப்பா?"

"எங்க சுட்டுச்சு?" என்று சிரித்தார். மேசைக்கு அடியில் அவருடைய இடது கை வேட்டியைக் கசக்கிப் பிடித்திருந்தது. "நாளைக்கு எப்பம்மா வருவ?"