சின்னுவின் செலவு

“நாயை மாடியிலயே வெச்சுக்க. கீழ கொண்டாந்தீன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காப்பியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க,” என்றாள் பொன்னம்மா, மகளின் தலையில் பூவைச் செருகியபடி.

“போனா போகட்டும்மா,” என்றாள் மோகனப்ரியா.

“இது மூணாவது இடம்டி. கொள்ளேகால் பக்கத்துல நல்ல குடும்பம். பையனுக்கு நஞ்சன்கூடு ஃபேக்டரியில வேலை, இங்க மைசூர்லயே வாடகைக்கு வீடு எடுத்து இருக்கான். இதையும் கெடுத்துடாத.”

கெடுக்க வேண்டும் என்று மோகனப்ரியாவுக்கும் ஆசையில்லை. போட்டோவில் கவின்ராஜ் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தானும் பசு மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். இன்று சம்பளம் வந்த கையோடு அக்காவின் ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால்தான் அக்கா ஆபீஸுக்காவது போய்வருகிறாள்.

தனக்கு அந்த நிலைமை வரக்கூடாது. தன் சம்பளத்தைத் தன் இஷ்டப்படி செலவு செய்தால் இவன் முகம் எப்படிப் போகும் என்று இன்றைக்கே பார்த்துவிடுவது என முடிவு செய்திருந்தாள். ஆபீஸ் தோழி சுசித்ரா காலையிலேயே கூடையும் கையுமாக ஸ்கூட்டரில் வந்து, “செலவைச் சொல்றப்போ அவர் மூஞ்சியையே பாரு. தாடை இறுகிச்சுன்னா வேண்டாம்னு சொல்லிரு,” என்று பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தாள்.

கீழே கேசரிபாத்தும் காப்பியும் முடிந்தன. “சின்னஞ்சிறுசுங்க, மாடியில போய் ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு வரட்டுங்க,” என்றாள் கவின்ராஜின் அம்மா லிங்கம்மா.

மொட்டை மாடியில் சின்னு காலையிலிருந்து பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் சுருண்டு கிடந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத உடம்பு, கண்ணை மறைக்கும் முடி. கவின்ராஜ் கதவைத் தாண்டியதுதான் தாமதம், துள்ளி எழுந்து ஓடி அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் அப்படியே நின்றுவிட்டான்.

“பயப்படாதீங்க, கடிக்காது. சின்னு, இங்க வா.”

சின்னு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது... உங்க நாய்ங்களா?”

“ஆமாங்க. ஷிட்ஸு. கலப்பே இல்லாத ஜாதி. நாப்பத்தஞ்சாயிரம் குடுத்து வாங்கினது.”

“நாப்பத்தஞ்சா?”

முகம் மாறுகிறது. மோகனப்ரியா உஷாரானாள்.

“வாங்கினது ஒரு செலவே இல்லீங்க. தீனிக்கே மாசம் மூவாயிரம். முடி வெட்டிக் குளிப்பாட்ட ஆயிரத்து ஐநூறு. நான் பார்லர் போனாக்கூட முந்நூறு ரூபாய்க்கு மேல ஆகாது.”

“ஹௌதா?” என்று கன்னடத்தில் வியந்தான் அவன். “தடுப்பூசி?”

“அது தனி. டாக்டர் ஃபீஸ் தனி.”

“கண்ணுக்கு மருந்து?”

ஒரு கணம் விழித்தாள். “ம்... அதும் உண்டுங்க. பஸ்ல போனா எனக்கு ஃப்ரீ, இதுக்கு அரை டிக்கெட். வெயில் காலத்துல ஃபேன் நிக்கக் கூடாது. ஒரு கல்யாணம் காட்சின்னு ரெண்டு நாள் வெளியூர் போக முடியாது.”

“தசராவுல பட்டாசு வெடிச்சா?”

“கட்டிலுக்கு அடியில போயிரும்,” என்று அடித்துவிட்டாள்.

“கரெக்டுங்க,” என்றான் அவன். கிண்டல் செய்கிறானோ என்று சந்தேகமாக இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆகவேண்டும்.

“என் சம்பளம் இருபத்தாறாயிரம். அதுல பத்தாயிரம் இதுக்கே போயிரும். கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தான் இருப்பேன். நீங்க என்ன சொல்றீங்க?”

சொல்லிவிட்டு அவன் தாடையையே பார்த்தாள்.

கவின்ராஜ் குந்தி உட்கார்ந்து சின்னுவின் கண்மேல் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான். “நீங்க சம்பாதிக்கிறது, நீங்க செலவு பண்றீங்க. அதுக்கு எங்கிட்ட எதுக்குங்க பர்மிஷன்?”

மோகனப்ரியாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஏனோ வெட்கமாகவும் இருந்தது. இனிமேல் அவன் தாடையைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்றாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ஒரு நாய்க்கு இவ்வளவு செலவு ஜாஸ்தின்னு தோணலைங்களா?”

“ஜாஸ்திதாங்க. ஆனா வாங்கின விலையைத் தப்பாச் சொல்றீங்க, பதினெட்டாயிரம்தான். பெரிய செலவு ரெண்டையும் சொல்லாம விட்டுட்டீங்க.”

“அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கவின்ராஜ் சின்னுவைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அது அவன் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“இது இருக்குதுன்னு மூணு ஹவுஸ் ஓனருங்க வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, ரெண்டு இடத்துல பொண்ணு இல்லேன்னுட்டாங்க. அதனால, பொண்ணு பாக்கப் போற அன்னிக்காவது இதை யார் கண்ணுலயும் படாம விட்டுட்டு வாடான்னு அம்மா சொன்னாங்க. நானும் காலையில எங்க கீழ் வீட்டு சுசித்ராகிட்டதாங்க விட்டுட்டு வந்தேன்.”