படம் முடிந்த விதம்

இரண்டே இரண்டு துண்டுகளை வாஷிங் மெஷினில் போட்டு ஓடவிட்டு, குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள் அவள். மெஷின் தடதடக்கத் தொடங்கிய பிறகே போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுடா கண்ணு. அவர் தூங்கறாரு. எழுந்திரிக்க இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு, சீக்கிரம் பேசு."

மறுமுனையில் அவளுடைய மகள். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஏழாவது மாதம்.

மகள் போன அன்று தகப்பனார் கூடத்தில் நிமிர்ந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இந்த வீட்ல யாராவது அவகூடப் பேசினாங்கன்னு தெரிஞ்சா, அன்னைக்கே நான் படி இறங்கிடுவேன்."

சும்மா மிரட்டுகிறவர் இல்லை அவர். முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு கமாவுக்காக ஓடுகிற அச்சு இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவர் என்பதால் அங்கே அவருக்குக் 'கமா' என்றே பட்டப்பெயர். முதலாளி ஒரு திருத்தத்தை ஏற்கவில்லை என்று, ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது வேலையை உதறிவிட்டு வந்தார்.

குடும்ப மானம் பெரிது. அதை அவளும் மறுக்கவில்லை. ஆனால் வாயும் வயிறுமாகத் தனியே இருக்கும் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசாமல் எந்தத் தாயால் இருக்க முடியும்? அதனால்தான் ஆறு மாதமாகத் தினமும் இந்தத் திருட்டுப் பேச்சு.

"எதிர் வீட்டு டைலரம்மா வழுக்கி விழுந்து கையை உடைச்சுக்கிட்டா. இடது கை. நல்லவேளை, வாய்க்கு ஒண்ணும் ஆகல."

மகள் சிரித்தாள். "அந்த நாவலை முடிச்சிட்டியாம்மா?"

"இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. நீ முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி ஓடாத. சேர்ந்தே முடிப்போம்."

"சரி, சரி. அப்பா எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன? இடி விழுந்தாலும் அஞ்சு மணிக்கு நடக்கப் போயிடறாரு. ஒருத்தரும் கூப்பிடாத அந்த போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு எனக்கு மாளல. அதை விடு. நேத்து டிவியில பழைய படம் ஒண்ணு போட்டான். கறுப்பு வெள்ளை. ரெண்டு பேரும் உக்காந்து முழுசா பார்த்தோம்."

"கதை சொல்லும்மா."

கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பவனின் கதை. புயலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் படகில் போகிறான். அவன் மனைவி விடிய விடிய விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறாள்.

படத்தில் காலையில் கரை ஒதுங்கியது படகின் உடைந்த பலகை மட்டும்தான். அதை அப்படியே மகளிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சோகமாக முடிகிற எந்தப் படத்தையும் அவள் மகளுக்கு அப்படியே சொன்னதில்லை.

"விடிஞ்சதும் பார்த்தா, அவனே துடுப்பு போட்டுக்கிட்டு வரான். ஒரு கீறல் கூட இல்ல. படகுலேர்ந்து குதிச்சு ஓடி வந்து அவளைக் கட்டிக்கிறான். அவ்வளவுதான், சுபம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மெஷின் எப்போதோ நின்று போயிருந்தது.

கதவிடுக்கில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது.

"யார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கே?"

அவள் போனைப் புடவைக்குள் அழுத்திப் பிடித்தாள். "யார்கிட்டயும் இல்லீங்க. நானே ஏதோ பேசிக்கிட்டேன்."

"படகுல யாரு வந்தான்னு சொன்னே?"

"நேத்துப் பார்த்த படத்தை நினைச்சுக்கிட்டேங்க."

"அவன் வரலையே."

நிழல் நகர்ந்தது. அலமாரி திறக்கும் சத்தம், சட்டையை உதறும் சத்தம், பிறகு வாசல் கதவு. மணி நாலரைகூட ஆகவில்லை. ஐந்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவும் அவர் நடக்கக் கிளம்பியதில்லை.

செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே தெருச் சத்தத்தில் கரைந்து போனது. அவள் போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள்.

"அப்பா கேட்டுட்டாருடி."

"என்ன சொன்னாரு?"

"திட்டியிருந்தாலாவது தேவலாம். சட்டையை மாட்டிக்கிட்டுப் படி இறங்கிட்டாரு. சொன்னதைச் செய்யற மனுஷன். இந்த வயசுல எங்கடி போய் நிப்பாரு?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் ஓடிப்போய் அவரைத் தடுக்கணும். இனிமே என்னைக் கூப்பிடாத கண்ணு. உடம்பைப் பார்த்துக்கோ. நேரத்துக்குச் சாப்பிடு."

மறுமுனையில் மகள் குறுக்கிட்டாள்.

"அழாம போனை வைம்மா, இன்னொரு லைன்ல அப்பா வராரு. தினமும் அஞ்சு மணிக்குத்தான் கூப்பிடுவாரு, இன்னைக்கு நீ படத்தோட முடிவை மாத்தினது பொறுக்கல போல."