கழுவிவிட்டு வரவும்

பதினோரு ஜோடிக் கால்களைக் கழுவி முடித்தாயிற்று. பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது.

"பிளம்பர் இனி வரமாட்டார் பாஸ்டர். பேங்க் மேனேஜரை உக்கார வெச்சிடலாமா?" என்றார் சபைச் செயலாளர். பதினோராவது நாற்காலி அவருடையது.

"இந்தப் பாட்டு முடியட்டும்," என்றார் போதகர்.

இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்து, வருடத்துக்கு ஒருமுறை சபையில் பன்னிரண்டு பேரின் கால்களைப் போதகர் மண்டியிட்டுக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். பிளம்பரின் சீட்டு பதினான்கு வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிட்டு இந்த வருடம்தான் வெளியே வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அவர் மனைவி, கணவரின் இஸ்திரி போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்: 'கால் கழுவப்படுவோர் தங்கள் கால்களை நன்றாகக் கழுவிவிட்டு வரவும்.'

வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை.

பதினோரு பேரும் சொன்னபடியே வந்திருந்தார்கள். வெட்டிய நகங்கள், வெந்நீரில் ஊறிய குதிகால்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். அத்தனை பேருக்கும் ஒரே தொட்டித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. தொட்டியின் அடியில் வரைந்திருந்த நீலப் பூ இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

செயலாளருக்கு மட்டும் ஒரு சின்ன மனக்குறை. காலையில் குளிக்கும்போது கால் தேய்க்கும் கல் எங்கோ நழுவிப் போய்விட்டது. இடது குதிகால் பாக்கி.

அவர் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மதியத்திலிருந்து இது ஆறாவது தடவை. எடுத்துப் பார்த்துவிட்டு அமுக்கினார்.

"வீட்டுக்காரி. ஆராதனை நேரம்னுகூடப் பாக்கமாட்டா," என்றார் பத்தாவது நாற்காலிக்காரரிடம்.

பாட்டின் கடைசி வரியில் பிளம்பர் வந்தார். அவருக்கு முன்னால் நாற்றம் வந்தது. செருப்பு கையில் இருந்தது. முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு.

"என்னய்யா இது கோலம்?" செயலாளர் எழுந்தே விட்டார். "போர்டுல எழுதிப் போட்டது கண்ணுல படலையா?"

"படிச்சேங்க. மன்னிச்சுடுங்க. ஒரு வீட்டுல அவசர வேலை."

"ஆண்டவர் காரியத்தைவிட அவசரமோ! அப்படி எந்த வீடு?"

பிளம்பர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அது எதுக்குங்க இங்க..."

"நாளைக்குச் செஞ்சா குடி முழுகிடுமா?"

"படுத்த படுக்கையா ஒரு பெரியம்மா இருக்காங்க. சாக்கடைத் தண்ணி கட்டிலுக்கு அடியில வந்துடுச்சு."

"சரி, சரி. உமக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மேனேஜர் சார், நீங்க வாங்க."

"ஆகட்டுங்க," என்று பிளம்பர் திரும்பினார். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி, மடித்திருந்த சட்டையை மறுபடி மடித்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? இது உங்க நாற்காலி," என்றார் போதகர்.

"ஒரே அழுக்கு பாஸ்டர். கழுவிட்டு வந்துடுறேன்."

"கழுவிட்டு வந்துட்டா எனக்கு என்ன வேலை? உக்காருங்க."

உட்கார்ந்தார். போதகர் மண்டியிட்டார்.

முதல் குவளைத் தண்ணீரிலேயே நீலப் பூ மறைந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை மாற்றினார்கள். மறுபடியும் மாற்றினார்கள். போதகர் விரலிடுக்குகளில் விரலைவிட்டுச் சேற்றை எடுத்தார். ஆர்கன் வாசிக்கும் பெண் இன்னொரு பாட்டையும் வாசித்து முடித்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பிளம்பர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்க்க எழுந்தார்கள். பார்த்த பிறகு உட்காரத் தோன்றவில்லை. முன்வரிசையும் எழுந்தது. ஏன் எழுந்தோம் என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

மூன்றாவது தொட்டித் தண்ணீரில் பூ மங்கலாகத் தெரிந்தது. போதகர் கால்களைத் துடைத்தார். வெள்ளை அங்கி இடுப்பு வரை கறை. ஆனாலும் அவர் எழவில்லை. அந்தக் கால்களைக் கையில் ஏந்தியபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்:

"பத்தொன்பது வருஷமா இந்த ஆராதனையை நடத்துறேன். கால் கழுவினது இன்னைக்குத்தான்."



செயலாளர் மட்டும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பத்தாவது நாற்காலிப் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். அந்த நிசப்தத்தில் அது கடைசி வரிசைக்கும் கேட்டது.

"எந்தச் சாக்கடையில இறங்கிட்டு வந்தாரோ!"

"நம்ம வீட்டுச் சாக்கடையிலதாங்க."

திரும்பினார். பக்கவாசல் வழியாக வந்து, நாற்காலிக்குப் பின்னால் செயலாளரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம்.

"அத்தையை வேற ரூம்ல படுக்க வெச்சுட்டு வர்றேன். கால் கழுவிட்டுப் போங்கன்னேன். பாட்டு கேக்குது, நேரமாச்சுன்னு அப்படியே ஓடி வந்துட்டார்," என்றவள், குரலைத் தாழ்த்தி, "இதுதான் குழாயை அடைச்சுக்கிட்டு இருந்துச்சாம்," என்று உள்ளங்கையை விரித்தாள்.

கால் தேய்க்கும் கல்.