கண் மூடிய நிக்கோலாஸ்

"இதை நான் மந்திரிக்க மாட்டேன்," என்று கவ்ரில் பாதிரியார் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ருசே நகரத்து மனநல மருத்துவமனையில் ஓவிய வகுப்பு என் பொறுப்பு. கப்பல்காரர்களைக் காக்கும் புனித நிக்கோலாஸின் திருநாளன்று, நோயாளிகள் வரைந்த புனிதர் படங்களைப் பாதிரியார் மந்திரித்துக் கொடுப்பார். அவரவர் கட்டில் தலைமாட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

பதினோரு படங்கள் தேறிவிட்டன. பன்னிரண்டாவது எவ்திமுடையது. அதில் நிக்கோலாஸ் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்திருந்தார். குறட்டைதான் பாக்கி.

"புனிதர்னா கண்ணைத் திறந்து நம்மளைப் பார்க்கணும். இதுகூடச் சொல்லித் தரலையாம்மா?"

வீட்டு அடுப்பில் திருநாள் மீன் காத்திருக்கிற அவசரம் அவருக்கு. எனக்கு மானம் போயிற்று. தூரிகையை நீட்டி, ரெண்டே ரெண்டு புள்ளி வைத்துவிடும்படி எவ்திமைக் கெஞ்சினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

இந்தப் படத்துக்காகத்தான் மனுஷர் ஒரு மாதமாக அறையை விட்டே வெளியே வந்துகொண்டிருந்தார். இது தள்ளுபடியானால் மறுபடி போர்வைக்குள் போய்விடுவார். எனக்கு அந்தப் பயம்.

"ஏன்ப்பா இந்தப் பிடிவாதம்?" என்றார் பாதிரியார்.

எவ்திம் முப்பது வருஷம் டான்யூப் ஆற்றில் சரக்குக் கப்பலில் இருந்தவர். நிதானமாகச் சொன்னார்.

"சாமி, கப்பல்ல ஒருத்தன் ராக்காவல் முடிச்சா இன்னொருத்தன் வந்து மாத்தி விடுவான். இவருக்கு இத்தனை நூறு வருஷமா மாத்தி விட ஆளே வரலை. எனக்குத்தான் எந்த மாத்திரைக்கும் தூக்கம் வரமாட்டேங்குதே. எப்படியும் முழிச்சுத்தானே கிடக்கறேன், காவலை நான் பார்த்துக்கறேன், நீங்க கொஞ்சம் படுங்கன்னு சொல்லிட்டேன்."

பாதிரியார் படத்தை மறுபடி கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப எழுந்திருப்பார்?"

"எனக்குத் தூக்கம் வந்ததும் எழுப்பி விட்டுடறேன்."

பாதிரியார் தூபக்கலசத்தை எடுத்தார். அதன் சங்கிலி மணிகள் பதினோரு படங்களுக்கும் கலகலவென்று ஒலித்திருந்தன. இப்போது அவற்றை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, முனகலாக ஜெபம் சொல்லி, சத்தமே வராமல் ஆட்டினார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"மெதுவாப் பேசும்மா," என்றார்.